ஒரு கரண்டி லொவிச் சட்னி

லொவிக்காயை யாரும் வயிறு நிறையத் தின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. கையில் சாயம் ஒட்டும் அளவுக்குச் சிவந்து பழுத்திருந்தாலும் ஒன்றைக் கடித்ததும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவதற்கு உப்பும் மிளகாய்த்தூளும் தேட வேண்டும். மூன்றாவதில் பல் கூசிவிடும். எங்கள் மரத்துக்கு வரும் கொண்டைக்குருவிகள்கூட ஒன்றிரண்டைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள கொய்யாவுக்குப் போய்விடும்.

அப்படிப்பட்ட பழத்தைத்தான் உம்மா ஒவ்வொரு பருவத்திலும் சட்னியாக்கி நாற்பது போத்தல் வரை நிரப்புகிறார். பாதி எங்களுக்கும் சொந்தக்காரருக்கும், மீதி விற்பனைக்கு. விற்ற பணம் எனது பிரத்தியேக வகுப்புக்கும் கம்பளைக்குப் போய்வரும் பஸ்ஸுக்கும் போகிறது. ஆகவே இதை எழுதுபவள் நடுநிலையானவள் அல்லள் என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லொவியைப் பற்றி இப்படி எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே ஒரு வெளிநாட்டு டின்னால்தான். இரண்டு வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த மாமா, சொக்கலட்டுகளோடு ஒரு டின் கிரான்பெரி சோஸும் கொண்டுவந்தார். அதைத் திறந்து பீங்கானில் கவிழ்த்ததும் உள்ளிருந்தது டின்னின் உருவத்திலேயே, டின்னின் வளையத் தழும்புகளோடு, வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. தம்பி கைதட்டினான். உம்மா கைதட்டவில்லை. "இப்படி நிக்கிறதெண்டா உள்ளுக்கு ஜெலட்டீன் இருக்குமே?" என்று கேட்டார். மிருக எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படும் ஜெலட்டீன் ஹலாலா இல்லையா என்று தெரியாமல் எங்கள் வீட்டில் ஜெலி எதுவும் மேசைக்கு வராது. மாமா டின்னின் பக்கத்தை வாசித்துக் காட்டினார். பழம், சோள இனிப்புப் பாகு, தண்ணீர், சிற்றிக் அமிலம். அவ்வளவுதான். பழத்துக்குள்ளேயே இருக்கும் பெக்டின் என்ற பொருள் அமிலத்தோடும் சீனியோடும் சேர்ந்தால் தானாக இறுகும் என்று, அப்போதுதான் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்திருந்த நான், சற்றுப் பெருமையுடன் விளக்கினேன். உம்மா என்னைப் பார்த்து, "லொவிச் சட்னி மாதிரி எண்டு சொல்லு" என்றார்.

உம்மும்மா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "இது லொவிதானே மகன். வெள்ளக்காரன்ட லொவி."

இரண்டுக்கும் உறவு ஒன்றுமில்லை. கிரான்பெரி வட அமெரிக்காவின் குளிர்ந்த சதுப்பு நிலங்களில் தரையோடு படரும் கொடி. லொவி ஆளுயரத்துக்கு மேல் வளரும் மரம். அதன் தாவரவியல் பெயர் பிளகோர்ஷியா இனெர்மிஸ். பெயரின் இரண்டாம் பகுதிக்கு ஆயுதமற்றது என்று பொருள். அதே இனத்தைச் சேர்ந்த உகுரெஸ்ஸ மரத்தில் கூரிய முட்கள் உண்டு, லொவியில் முள் கிடையாது. தற்காப்பெல்லாம் பழத்தின் புளிப்பில்தான் போலும். மலாய் மொழியில் இதற்கு லொபி லொபி என்று பெயர். நாம் சொல்லும் பெயர் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் உம்மும்மா சொன்னது தாவரவியல் அல்ல, நாக்கு சொன்னது. சிவப்பு, புளிப்பு, தனியாகத் தின்ன முடியாமை, சீனி சேர்ந்தால் இறைச்சிக்குத் துணையாகிவிடும் குணம் எல்லாம் ஒன்றுதான்.

அங்கே இதை ஏன் சாப்பிடுகிறார்கள் என்று மாமாவிடம் கேட்டோம். அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையும், கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையும் நன்றி கூறும் நாள். அன்று வான்கோழியை முழுதாக வாட்டி மேசையில் வைப்பார்கள். பக்கத்தில் கட்டாயம் கிரான்பெரி இருக்கும். ஐரோப்பியர் அங்கு போவதற்கு முன்பே அந்த மண்ணின் பூர்வீக மக்கள் இந்தப் பழத்தை உண்டார்கள், காயவைத்த இறைச்சியோடும் கொழுப்போடும் இடித்துச் சேர்த்துப் பயண உணவாகவும் வைத்துக்கொண்டார்கள். டின்னில் வருவதை அங்கேயே பலர் மதிப்பதில்லையாம். பச்சைப் பழத்தைத் தோடம்பழத்தோடு தோலும் சேர்த்து அரைத்து, சீனி போட்டு, அடுப்பில் வைக்காமலே ஒரு வகைச் சம்பல் செய்கிறார்கள். அதற்கு ரெலிஷ் என்று பெயர். மாமி அதில் ஒரு பச்சை மிளகாயையும் சேர்த்துவிடுவாராம். கண்டிக்காரி கனடாவுக்குப் போனாலும் கண்டிக்காரிதான்.

நல்ல பழத்தைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல கிரான்பெரி தரையில் போட்டால் பந்துபோல் துள்ளும்; அழுகியது அப்படியே கிடக்கும். பழத்துக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் இருப்பதுதான் காரணம். அந்தக் காற்றினால் பழம் தண்ணீரில் மிதக்கவும் செய்யும். ஆகவே அறுவடைக் காலத்தில் பாத்திகளுக்குள் தண்ணீரைத் திறந்து விடுகிறார்கள். கொடிகளை இயந்திரத்தால் கலக்கியதும் பழங்கள் கழன்று மேலே வந்து, ஒரு குளம் முழுவதும் சிவப்பாகிவிடும். மாமா கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நிற்க, சுற்றிலும் சிவப்பு.

உம்மும்மா படத்தைக் கிட்ட வாங்கி நெடுநேரம் பார்த்தார். "தண்ணி உட்டா மேல வாற பழமா?" என்று கேட்டார். பிறகு, "எங்கட மரம் மிதக்கல்ல" என்றார்.

கொத்மலையில் இருப்பவர்களுக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும் நீர்த்தேக்கம் இயற்கையாக வந்ததல்ல. மகாவலி கங்கையின் கிளையாறான கொத்மலை ஓயாவுக்குக் குறுக்கே, சுவீடன் நாட்டு உதவியுடன், 1979 இல் அணை கட்டத் தொடங்கி 1985 இல் திறந்தார்கள். 87 மீற்றர் உயரம், 600 மீற்றர் நீளம். இன்று நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. அதற்காகப் பள்ளத்தாக்கிலிருந்த வயல்களும் வீடுகளும் கடைகளும் விகாரைகளும் தண்ணீருக்கடியில் போயின. சிலருக்கு மேலே தேயிலைக் காணித் துண்டுகள் கிடைத்தன. பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு, அவர்கள் அதுவரை பார்த்திராத வெயிலுக்கு, லொறிகளில் போனார்கள். நீர்மட்டம் மிகவும் இறங்கும் காலங்களில் கடதொர விகாரையின் எச்சங்கள் வெளியே தெரியும். அப்போது கம்பளை, கண்டியிலிருந்தெல்லாம் வந்து படம் பிடிப்பார்கள்.

உம்மும்மாவின் வாப்பாவுக்குக் கீழே ஒரு சில்லறைக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் கிணறு, கிணற்றடியில் லொவி மரம். அவர்கள் வேறு மாகாணத்துக்குப் போகாமல் மேலே ஏறி, இந்த இருபது பேர்ச்சஸ் காணியை வாங்கினார்கள். கடைச் சாமான்கள், கதவு நிலைகள், கூரைத் தகரங்கள் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, உம்மும்மா மரத்தடியில் முளைத்திருந்த ஒரு கன்றைப் பிடுங்கி, பால்மா டின்னில் மண்ணோடு வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இப்போது நாங்கள் சட்னி போடுவது அந்தக் கன்றின் பழத்தில்தான்.

சரி, சட்னிக்கு வருகிறேன்.

ஏணியில் ஏறுவது தம்பியின் வேலை, பழம் தெரிவது எனது. முழுதாகப் பழுத்தது நான்கு பங்கென்றால் முக்கால் பழுத்தது ஒரு பங்கு சேர வேண்டும் என்பது உம்மாவின் கணக்கு. முற்றப் பழுத்த பழத்தில் பெக்டின் குறைந்துவிடும் என்று நான் புத்தகத்தில் படித்தபோது, உம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். உம்மும்மா சொல்லியிருப்பார். உம்மும்மாவுக்கு இறுகாமல் போன ஒரு சட்டி சொல்லியிருக்கும்.

பழத்தைக் கழுவி, அடி பிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும் வரை அவிக்க வேண்டும். பிறகு மர அகப்பையால் மசித்து, சல்லடையில் தேய்த்து விதையையும் தோலையும் நீக்க வேண்டும். பொறுமை போகும் இடம் இதுதான். ஒவ்வொரு பழத்திலும் தட்டையான பல விதைகள். சிலர் விதை இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவள் அல்லள். புரியாணிக்கு நடுவில் விதை கடிபட்டால் அது கல் என்றே நாக்கு நினைக்கும்.

அலுமினியச் சட்டி கூடாது. புளிப்பு உலோகத்தைத் தின்னும், சட்னியில் ஒரு தகரச் சுவை வரும். உம்மும்மா காலத்தில் மண்சட்டி, இப்போது எங்களிடம் துருப்பிடிக்காத உருக்குச் சட்டி. ஒரு கிலோ மசியலுக்கு முக்கால் கிலோ சீனி. செத்தல் மிளகாய், இஞ்சி, வெள்ளைப்பூண்டு, கடுகு நான்கையும் வினாகிரியில் ஊறவைத்து அம்மியில் அரைத்துச் சேர்ப்போம். மிக்சியில் அரைத்தால் கடுகு கசக்கிறது என்பது உம்மாவின் உறுதியான கருத்து. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் அம்மி என் கையில்தான் இருக்கிறது. விதை நீக்கி நறுக்கிய பேரீச்சம்பழம் ஒரு கைப்பிடி. கறுவாப்பட்டை ஒரு துண்டு, கராம்பு நான்கு, கடைசியில் உப்பு. உப்பைப் போட்டதும்தான் அது ஜாமாக இருப்பதை விட்டுவிட்டுச் சட்னியாகிறது.

முதலில் நுரைத்துக்கொண்டு பொங்கும். போகப்போகக் குமிழிகள் பெரிதாகி, மெதுவாகி, சளக் சளக்கென்று தெறிக்கத் தொடங்கும்போது கையை நீட்டமான துணியால் மூடிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பீங்கானில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்தால் உடனே இறக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் பிறகு போத்தலைக் கத்தியால் தோண்டுவார்கள். அவித்துக் காயவைத்த போத்தல்களில் சூட்டோடு ஊற்றி, சூட்டோடு மூடி, இரண்டு வாரம் தொடாமல் வைக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் வினாகிரியின் காரம் அடங்கி, கராம்பின் வாசனை எழும்பும். எங்கள் வீட்டில் அடங்காதவர்கள் போத்தலுக்கு வெளியே இருப்பவர்கள்தான்.

சட்டியைக் கழுவும்போது ஒரு வேடிக்கை. சிவப்பாக ஒட்டியிருப்பது சவர்க்காரத் தண்ணீர் பட்டதும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும். அந்தோசயனின் என்ற நிறப்பொருள் அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நிறம் மாறியும் நிற்கும். இரசாயனவியல் செய்முறையில் லிட்மசுக்கு நாங்கள் எவ்வளவு கவனமாகக் காத்திருக்கிறோம். அது இங்கே கழுவும் தொட்டியில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி, எதோடு சாப்பிடுவது. இதில் வீட்டுக்கு வீடு சண்டை வரும், ஆகவே நான் எங்கள் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலிடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு. உழ்ஹிய்யா இறைச்சி வந்து சேர்ந்த அன்று காலையில் ஈரல், மத்தியானம் ஆணம், இரவு வறுவல் என்று எல்லாம் மாடுதான். இரண்டாம் நாள் காலையில் இறைச்சி என்ற சொல்லைக் கேட்டாலே வாய் கொழுத்துப்போய் இருக்கும். அப்போது வறுவலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி லொவிச் சட்னி வைத்தால் நாக்கு கழுவிவிட்டதுபோல் ஆகும். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும். வாயில் படிந்த கொழுப்பு அதோடு போகும். வான்கோழிக்குப் பக்கத்தில் கிரான்பெரியை வைத்தவர்களும் ஏதோ ஒரு இரண்டாம் நாளில்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சஹன் விஷயத்தில் உம்மாவும் நானும் ஒத்துப்போவதில்லை. ராத்தாவின் கலியாணத்தில் ஒவ்வொரு சஹனுக்கும் ஒரு சின்னக் கோப்பையில் லொவி வைக்க வேண்டுமென்று உம்மா பிடிவாதமாக நின்றார். மாமிமார் முகத்தைச் சுருக்கினார்கள். மலே அச்சாறு இல்லாத சஹனா என்றார்கள். கடைசியில் இரண்டும் வைக்கப்பட்டன. நான் உட்கார்ந்த சஹனில் ஆறு பேரில் நால்வர் அச்சாறுக்குத்தான் கை நீட்டினார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். புரியாணி மென்மையானது, அதற்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கென்று கடிபட வேண்டும். லொவியில் கடிக்க ஒன்றுமில்லை. ஆனால் பொரித்த கோழிக் கால் யார் பக்கம் வந்ததோ, அவர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதையும் கண்டேன்.

கோழியை வாட்டுவதென்றால் இறக்குவதற்குக் கொஞ்சம் முன் இரண்டு கரண்டி சட்னியை மேலே பூசினால் சீனி உருகி, தோல் மினுமினுக்கும். முன்னதாகவே பூசினால் கருகிவிடும். நோன்புக் காலத்தில் சமோசாவுக்கும் கட்லட்டுக்கும் சட்னியைத் தயிரில் அடித்து வைப்போம். இளஞ்சிவப்பாக இருக்கும், பிள்ளைகள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். நோன்புக் கஞ்சியில் மட்டும் கலக்கக் கூடாது. தம்பி ஒருமுறை கலந்தான்; அதை அவனே குடித்து முடிக்க வேண்டுமென்று உம்மா பக்கத்தில் நின்றார்.

வாப்பாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் தேவையில்லை. விடியற்காலையில் மரக்கறி லொறியில் போவதற்கு முன் சூடான தேங்காய் ரொட்டி இரண்டு, கட்டச் சம்பல், ஓரத்தில் லொவி, பிளேன்டி. ரொட்டியைப் பிய்த்து முதலில் சம்பலில், பிறகு சட்னியில் தொடுவார். வரிசை மாறாது. சீனி வருத்தம் உள்ள உம்மும்மாவுக்குக் கால் கரண்டிதான் அனுமதி. அதை ஒரு சோற்றுத் தட்டு முழுவதற்கும் பங்கிடும் வித்தை அவருக்குத் தெரியும்.

என்னிடம் கேட்டால், பெருநாள் சாப்பாடு எதற்கும் நான் முதலிடம் கொடுக்க மாட்டேன். மழை பெய்யும் மத்தியானம், ஆவி பறக்கும் சோறு, பருப்பு, மொறுமொறுவென்று பொரித்த நெத்தலிக் கருவாடு, ஒரு கரண்டி லொவி. நெத்தலியின் உப்பும் சட்னியின் புளிப்பும் சேரும் இடத்தில் மூன்றாவதாக ஒரு சுவை வருகிறது. அதற்குப் பெயர் கிடையாது.

போத்தல்கள் வீட்டோடு நிற்பதில்லை. எங்கள் வேலிக்கு அப்பால் தேயிலை, அதற்கு அப்பால் லயன் வீடுகள். அங்கிருக்கும் அக்கா ஒருவர் உம்மாவோடு நல்ல பழக்கம். பெருநாளுக்கு எங்கள் போத்தல் அங்கே போகும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் இங்கே வரும். போத்தல் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வராது. அவர்களது வீட்டுப் பக்கத்து மரத்தக்காளி, அல்லது காசாவதற்கு முன் பறித்த போஞ்சி ஏதாவது அதனோடு வரும். மரத்தக்காளியைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து அவர் செய்யும் சம்பல் லொவிக்குத் தங்கை முறையாகும். கொழுந்து பறித்துவிட்டு வந்து பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். எங்கள் சட்னிக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும் என்று நான் சொன்னபோது, "ஒங்களுக்கு நாள் இருக்கு பாப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் கொஞ்ச நாள் இருந்தது.

இப்போது மரத்தின் விஷயம். போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசன் பாஸ் வந்து, கயிறு பிடித்து, லொவி மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் நான்கு கோடு போட்டார். எனக்கு வீடு. பெண் பிள்ளைக்கு ஒரு வீடு கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வாப்பாமார் பலரின் தலையில் இருக்கும் பாரம். எங்கள் வாப்பா ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டார், இப்போது என் முறை. வேறு இடத்தில் கட்டலாமே என்று கேட்பது எளிது. மலைநாட்டில் மட்டமான நிலம் என்பது பொன். எங்கள் இருபது பேர்ச்சஸில் மட்டமாக இருப்பது வீடு நிற்கும் இடமும் மரம் நிற்கும் இடமும்தான். மற்றதெல்லாம் சரிவு. நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் இருப்பதால் கட்டிடம் கட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சரிவை வெட்டுவதை அவர்களும் விரும்பமாட்டார்கள், நாங்களும் விரும்பவில்லை. மழை இரவுகளில் மண் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்தவர்கள் நாங்கள்.

"எனக்கு வீடு வேணாம் எண்டு சொல்லல்ல வாப்பா. இப்ப வேணாம். நான் கெம்பஸ் போனா நாலஞ்சு வருஷம் அந்த வீட்டுல ஆரு இருக்கப் போற?" என்று கேட்டேன்.

வாப்பா கோபப்படவில்லை. "சீமெந்து அது வரைக்கும் காத்துக்கொண்டு இருக்குமா மகள்?" என்றார். 2022 இல் விலைகள் ஏறிய வேகத்தைப் பார்த்தவர் அவர். பாதியில் நிறுத்தப்பட்ட எத்தனையோ வீடுகளின் கம்பிகள் துருப்பிடித்து நிற்பதைத் தினமும் லொறியிலிருந்து பார்க்கிறார். உம்மா தனது கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். போன பருவத்தில் விற்ற போத்தல் இருபது, ஒன்று எழுநூறு ரூபா, மொத்தம் 14,000. வாப்பா அதை மரியாதையோடு வாசித்துவிட்டு மூடினார். அந்தப் பணத்தில் ஒரு சுவரின் கால்வாசியும் எழும்பாது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும்.

உம்மும்மா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். மடியில் வைத்துக் கொண்டுவந்த மரம் அல்லவா? அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மரத்துக்காகப் புள்ளட வீட்ட நிப்பாட்டுறதா? நான் ஒரு மரத்தத் தண்ணிக்குக் குடுத்துட்டுத்தானே மேல ஏறின" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அழுறத்துக்கு முந்திப் பெயித்துக் கொஞ்சம் தும்பு எடுத்துக்கொண்டு வா" என்றார்.

அன்று பின்னேரம் அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நானும் தம்பியும் மூன்று கிளைகளில் பதியம் கட்டினோம். பெருவிரல் மொத்தமுள்ள கிளையில் ஒரு விரலகலத்துக்குச் சுற்றிலும் பட்டையைச் சீவி, உள்ளிருக்கும் வழுவழுப்பைத் துடைத்து, ஈர மண்ணும் தென்னந்தும்பும் வைத்து, பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்ட வேண்டும். இலைகள் செய்யும் உணவு கீழே இறங்க வழியில்லாமல் காயத்துக்கு மேல் தேங்கி நிற்கும். அங்கிருந்துதான் வேர் வரும். இதுவும் எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. உம்மும்மா பாடத்திட்டம் பார்க்கவில்லை. காய்ந்து போகாமல் இடைக்கிடை ஊசியால் தண்ணீர் ஏற்றச் சொன்னார். அவருடைய பழைய இன்சுலின் ஊசியைத்தான் அதற்குப் பாவித்தோம்.

மூன்றில் ஒன்று காய்ந்துவிட்டது. மற்ற இரண்டிலும் பொலித்தீனுக்குள் வெள்ளை நூல்போல் வேர் தெரிகிறது. ஒன்று வேலிக்கு அப்பாலுள்ள அக்காவுக்கு என்று உம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். மற்றதைச் சரிவில், மண்ணைப் பிடித்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து நட வேண்டும் என்கிறேன் நான். முற்றத்தில் பெரிய தொட்டியில் வைக்கலாம் என்கிறான் தம்பி. இன்னும் முடிவாகவில்லை.

சுண்ணாம்புக் கோடுகள் இரண்டு மழையில் கரைந்து போயின. பாஸ் மறுபடியும் தொலைபேசி எடுத்தபோது நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தேன். வாப்பா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "புள்ளக்கி சோதின. முடிஞ்ச பொறகு பாப்போம் பாஸ். இப்ப சத்தம் வேணாம்."

இந்த முறை கிளைகள் தாழும் அளவுக்குக் காய் பிடித்திருக்கிறது. உம்மா சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் சொல்லி அறுபது வெற்றுப் போத்தல் சேர்த்து வைத்திருக்கிறார்.